தொட்டி நிழல்

வெயிலுக்குப் பயந்து, குடியிருப்போர் கூட்டத்தை மொட்டைமாடியில், தூண்கள்மேல் நின்ற தண்ணீர்த் தொட்டியின் விளிம்பு நிழலில் போட்டிருந்தார்கள். பேச வேண்டியதும் அந்தத் தொட்டியைப் பற்றித்தான். இடிக்க வேண்டாம், பூசி வெள்ளையடித்தால் போதும் என்று செயலாளர் மாசிலாமணி தீர்மானத்தை வாசித்தார். 'ஏகமனதாக நிறைவேறியது' என்பதை வழக்கம்போல வீட்டிலேயே எழுதிக்கொண்டு வந்திருந்தார். "சரின்னு சொல்றவங்க கை தூக்குங்க." நேற்று மாடிப்படியில் தமயந்தியை நிறுத்தி, "தொட்டி விரிசலுக்குள்ள விரலே போகுதுங்க" என்ற ஞானசேகரன்தான் முதலில் தூக்கினார். அவள் வாயைத் திறந்தாள். போன கூட்டத்தில் லிஃப்டைப் பற்றிக் கேட்டதற்கு மூன்று மாதம் யாரும் முகம் கொடுத்துப் பேசாதது ஞாபகம் வந்தது. அலுப்பாக இருந்தது. கடைசியாக அவள் கையும் உயர்ந்தது. உள்ளங்கையில் சொட்டென்று ஒரு துளி விழுந்தது. ஞானசேகரன் தன் கையைப் பார்த்துவிட்டு வேட்டியில் துடைத்துக்கொண்டார். செயலாளரின் நோட்டில் 'ஏகமனதாக' கலங்கியது. அவர் அண்ணாந்து பார்த்தார். வானத்தில் பொட்டு மேகம் இல்லை. "தூறல் போடுது போல," என்றார். "ஆமாமா, தூறல்தான்," என்றார்கள் நாலைந்து பேர். எல்லோரும் எழுந்து நாற்காலிகளைத் தொட்டிக்கு அடியில் இன்னும் உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். "நீங்களும் உள்ள வந்துடுங்கம்மா," என்றார் ஞானசேகரன், அவள் முகத்தைப் பார்க்காமல். "நனைஞ்சிடப் போறீங்க."