இருமல் நின்ற பிறகு

பழைய ஆஸ்பெஸ்டாஸ் உள்கூரையைக் கழற்றியபின், நுரையீரலை அரிக்கும் அதன் தூசி வெளியேறாதபடி அந்த அறை வாசலை பிளாஸ்டிக் தாளால் ஒட்டி மூடியிருந்தார்கள். உள்ளே ஆள் இல்லை.

"தூசியெல்லாம் போயிடுச்சு. சுத்தம்னு கையெழுத்துப் போடுங்கம்மா. நாளைக்குக் குடிவர்றாங்க," என்றார் கட்டட முதலாளி.

உள்ளே யாரோ இருமினார்கள்.

தூசியைச் சோதிக்க வந்திருந்த ஆய்வாளருக்கு அந்த இருமல் தெரியும். அந்த உள்கூரையை அந்தக் காலத்தில் அறுத்துப் பொருத்தியவர் அவள் அப்பா. அந்தத் தூசியால் இருமி இருமியே போய்ச் சேர்ந்தவர்.

முதலாளிக்கு முகம் வெளிறியது. "தண்ணிக் குழாய் சத்தம். போட்டுத் தொலைங்க."

அவள் பேனாவை மூடினாள். "நீங்க தலைகீழா நின்னாலும் போட மாட்டேன். மறுபடியும் ஈரத்துணியால துடைங்க. அவர் இருமுறது நின்னதும் கூப்பிடுங்க."

பள்ளியில் அவள் சண்டை போட்டுவிட்டு வந்த நாள்களில் அப்பா செருமுவதுபோல, உள்ளே யாரோ திருப்தியாகச் செருமினார்கள்.