எந்தத் தெரு?

மில்லை மூடியதும், அதன் வாசலைக் காத்துவந்த செவலை நாய்க்குக் காவலும் போயிற்று, சோறும் போயிற்று. சந்தைத் தெருவில் காவலுக்கு ஆள் வேண்டுமா என்று கேட்டுவரக் காக்கையை அனுப்பியது.

காக்கை திரும்பி வந்து சொன்னது: "அந்தத் தெரு நாய்க்குத்தான் காவல் வேலையாம்டா, செவலை."

"சரி, முதல்ல அங்கே குடிபோயிடறேன்."

"காவல்ல இருக்கிற நாயைத்தான் தெருவுக்குள்ளயே விடுவாங்களாம்."

செவலைக்கு விந்தையாக இருந்தது. "அப்போ அங்கே இருக்கிறதெல்லாம் எப்படி உள்ளே போச்சு?"

"அதைத்தான் கேட்டேன். 'நீ எந்தத் தெரு?'ன்னு துரத்திட்டாங்க."

விஷயம் தெரியாமல் செவலைக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுநாள் தானே கிளம்பிவிட்டது. உச்சி வெயிலில் சந்தைத் தெரு நாய்கள் அசந்து தூங்கிக்கொண்டிருந்தன. செவலை சத்தம் காட்டாமல் அவற்றின் ஓரமாகப் படுத்து, தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சற்று நேரத்தில், எலும்பும் தோலுமாக ஒரு வெளியூர் நாய் தெருமுனையில் எட்டிப் பார்த்தது.

மற்ற நாய்கள் கண் விழிப்பதற்குள் செவலை பாய்ந்தெழுந்து குரைத்தது.

"ஏய், நீ எந்தத் தெரு?"

தூக்கம் கலைந்த நாய்களெல்லாம் ஓடிவந்து, செவலைக்குப் பின்னால் நின்று குரைத்தன.