ஒரு நாள் காற்று

ஃபில்டர் தாள் துணிக்கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

இரண்டு கிளிப் போட்டிருந்தது. ஒரு பக்கம் கைலி, மறுபக்கம் தலையணை உறை. நடுவில் பளிச்சென்று அது.

மோகனப்ரியா மாடியின் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டாள்.

ஓரமாக வைத்திருந்த இயந்திரத்தின் மூடி திறந்து கிடந்தது. நேற்றுக் காலையில் அவளே பொருத்தி, திருகுகளை இறுக்கிவிட்டுப் போன தாள். ஒரு நாள் முழுக்க, அனல்மின் நிலையப் புகை கலந்த எண்ணூர்க் காற்றை இழுத்து, அதில் உள்ள தூசியெல்லாம் படிந்து, இந்நேரம் அடுப்புக்கரி நிறத்தில் அந்த மூடிக்குள் இருக்க வேண்டியது.

சுற்றுச்சூழல் மாசுக் கட்டுப்பாட்டில் அவளுக்கு முதுகலை இறுதியாண்டு. மூன்று இடங்களில் காற்றின் தூசியைப் பிடித்து எடை போட வேண்டும். வண்ணாரப்பேட்டையும் சாத்தாங்காடும் முடிந்துவிட்டன. எண்ணூர்தான் இழுத்துக்கொண்டே போனது. முதல் தடவை மழை கெடுத்தது. அடுத்த தடவை பாதியில் கரண்ட் போய்விட்டது. இயந்திரம் இன்று சாயங்காலம் கல்லூரிக்குத் திரும்பியாக வேண்டும். எண்ணூர் இல்லாமல் ஆய்வேட்டை வாங்க மாட்டேன், அடுத்த வருஷம் பார்த்துக்கொள் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

பின்னாலேயே காப்பி டம்ளரோடு கெங்கம்மா ஏறி வந்தாள். வீடு அவளுடையது. இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டுவிட்டு, ராத்திரி முழுக்க உன் வீட்டில் கிரைண்டர் ஓடியதே, எனக்கு ஒரு கிண்ணம் மாவு கூடக் கிடையாதா என்று பக்கத்து வீட்டுச் சிலுவையம்மாள் காலையிலேயே சண்டைக்கு வந்ததைச் சொல்லிச் சிரித்தாள்.

மோகனப்ரியா சிரிக்கவில்லை. கொடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா, சரியா வெளுக்கலியா?"

எப்படிக் கிழியாமல் துவைத்தாள் என்பதுதான் ஆச்சரியம். நெத்திலியைக்கூட உடையாமல் ஆய்ந்தெடுக்கிற கை.

"ஏன் அத்தை எடுத்தீங்க?"

"வெள்ளையா குட்த்தே. கலீஜா திருப்பிக் குடுத்தா இன்னா மருவாதி?"

அந்தத் தெருவில் வாங்கிய பாத்திரத்தை யாரும் கழுவாமல் திருப்பித் தர மாட்டார்கள். அது சரிதான். ஆனால் நேற்று இதே இடத்தில் வைத்து, அந்த அழுக்குதான் எனக்கு வேண்டும், யாரும் தொடக் கூடாது என்று அவள் இரண்டு தடவை சொல்லியிருந்தாள். அழுக்கைத் தூக்கிக்கொண்டு போய்ப் பரீட்சை எழுதுகிற ஒரே பெண் நீதான் என்று கெங்கம்மாவும் கேலி செய்திருந்தாள்.

தெரியாமல் செய்த காரியம் இல்லை.

கெங்கம்மா டம்ளரை நீட்டவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. அதன் விளிம்பைக் கட்டைவிரலால் துடைத்துக்கொண்டே இருந்தாள். பேச ஆரம்பித்தபோது குரல் இறங்கியிருந்தது.

"தொறந்து பாத்தேன். தார் கணக்கா கீது. வெற்றிக்கு வந்த ரெண்டு எடமும் ஊரு பேரக் கேட்டே ஓடிப்பூட்ச்சி. இத்தப் பாத்துட்டு நீயும் வேணாம்னு பூட்டா?"

மோகனப்ரியாவுக்கும் கெங்கம்மாவின் மகன் வெற்றிக்கும் தட்டு மாற்றி இரண்டு மாதம் ஆகிறது. தையில் கல்யாணம். கோவளத்திலிருந்து அவள் வாழ வரப்போகிற வீடு இது. எண்ணூரில் மாடி கிடைக்காமல் அவள் அலைந்தபோது, எங்கள் வீட்டு மாடியிலேயே வைத்துக்கொள் என்று வெற்றிதான் இயந்திரத்தைத் தூக்கிவந்து வைத்தான்.

அவள் கொடியிலிருந்து தாளைக் கழற்றினாள். ஓரங்கள் பிசிறியிருந்தன. கெங்கம்மாவின் மேல் கோபப்பட வேண்டும் என்று தோன்றியது. கோபம் வரவில்லை.

மழை கெடுத்த அன்று தோழிகளிடம் சலித்துக்கொண்டாளே தவிர, பஸ்ஸில் திரும்பும்போது மனசு லேசாக இருந்தது. கரண்ட் போன அன்றும் அப்படித்தான். மற்ற இரண்டு இடங்களையும் முந்திக்கொண்டு முடித்தவள், எண்ணூரை ஏன் கடைசிக்குத் தள்ளினாள் என்று அவளை யாரும் கேட்கவில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

பேராசிரியருக்குப் போன் செய்தாள். தாள் வீணாகிவிட்டது என்று மட்டும் சொன்னாள். அவர் திட்டி முடிக்கும்வரை காதிலிருந்து போனை எடுக்கவில்லை. கடைசியில் நாளை மத்தியானம் வரை நேரம் கொடுத்தார்.

பையிலிருந்து இன்னொரு தாளை இடுக்கியால் எடுத்துப் பொருத்தினாள். கெங்கம்மா நான்கு அடி தள்ளி நின்று, இனி இந்தப் பக்கமே வர மாட்டேன், துணிகூட வீட்டுக்குள்ளேயே காயப் போடுகிறேன் என்றாள்.

"நாளைக்கு ரெண்டு பேரும் சேர்ந்தே திறக்கலாம் அத்தை" என்றாள் மோகனப்ரியா.

கீழே தெருவில் எங்கோ ஒரு குழந்தை இருமியது. சுவிட்சைப் போட்டதும் மாடி அதிர்ந்தது. கெங்கம்மா காப்பியை அப்போதுதான் நீட்டினாள். ஆறிப்போயிருந்தது. மோகனப்ரியா அதை ஒரே மடக்காகக் குடித்துவிட்டு, இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்திக் கேட்டாள்.

"எங்க ரூம் ஜன்னல் எந்தப் பக்கம் அத்தை?"

கெங்கம்மாவின் கை சட்டென்று கடல் பக்கம் எழுந்தது. பாதியில் நின்றது.

பிறகு மெல்லத் திரும்பி, புகைபோக்கிகள் இருந்த பக்கத்தைக் காட்டியது.