இடது பக்க சீட்

அந்தக் காரின் இடது பக்க முன்சீட்டில் ஓர் ஆள் படுத்த பள்ளம் அப்படியே இருந்தது. தானிஷ் அதில் உட்கார்ந்து சீட்டை நிமிர்த்தப் பார்த்தான். கையில் வலு இல்லை.

“சாஞ்சே கெடந்து பழகிருச்சுங்க பாய். கொஞ்சம் அழுத்திப் புடிக்கணும்” என்றாள் காரை விற்கிற தமிழ்செல்வி. பாகலூரில் அவள் வீட்டு வாசலில்தான் கார் நின்றிருந்தது. சின்ன எலெக்ட்ரிக் கார், ஆனால் தரையை விட்டு நல்ல உயரம்.

தானிஷின் மனைவி ஜீனத் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கேட்டாள். “ஒருவாட்டி சார்ஜ் போட்டா எவ்வளவு தூரம் ஓடும்க்கா?”

“புதுசுல இருநூத்தி அம்பது வந்துச்சு. இப்ப நூத்தி எண்பதுக்குக் கொறையாது.”

ஜீனத்துக்கு அது போதும். ஊத்தங்கரையிலிருந்து கிருஷ்ணகிரி போய்த் திரும்ப நூறு கிலோமீட்டர். வாரம் மூன்று நாள் தானிஷுக்கு அங்கே டயாலிசிஸ். நாலு மணி நேரம் மெஷினில் கிடந்துவிட்டு, பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடி வீடு திரும்புவான்.

போன வாரம் ஒரு நாள் போகவே இல்லை. “போதும் ஜீனத், முடியல” என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டான். அன்றைக்குத்தான் அவள் கார் தேட ஆரம்பித்தாள்.

“நீங்க எங்கக்கா இவ்ளோ கிலோமீட்டர் ஓட்டுனீங்க?”

“எல்லாம் பெங்களூரு ஆஸ்பத்திரிக்குத்தான். போன்ல நீங்க சொன்னீங்கள்ல, அதே டயாலிசிஸ்தான் எங்க வூட்டுக்காரருக்கும். மூணு வருசம் அந்தச் சீட்டுல படுக்க வச்சேதான் கூட்டிட்டுப் போனேன்.” தமிழ்செல்வி பெருமூச்சு விட்டாள். “போன தையோட அந்த அலைச்சல் முடிஞ்சுது. இனிமே இந்த வண்டி எதுக்குங்க? இருங்க, ஆர்.சி. புக்க எடுத்துட்டு வரேன்.”

அவள் உள்ளே போனதும் தானிஷ் காரை விட்டு இறங்கினான்.

“வா, போலாம்.”

“ஏங்க, என்னாச்சு?”

“பக்கத்து பெட்டு கோவிந்தப்பன் ஆடியில வரதை நிறுத்துனாரு. ஏன் வரலைன்னு யாராவது கேட்டாங்களா? எல்லாருக்கும் தெரியும். இந்தக்கா வூட்டுக்காரரும் மூணு வருசம் இழுத்துட்டுக் கெடந்து போய்ச் சேந்திருக்காரு. அதே சீட்டுல என்னையும் உக்கார வைக்கிறியா?”

“வண்டி என்னங்க பண்ணுச்சு?” என்றாள் ஜீனத் மெல்ல. அவன் போய் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டான். அவள் ஸ்டியரிங்கிலேயே தலையைச் சாய்த்துக்கொண்டாள். அவளுக்கும் அலுத்துப்போயிருந்தது.

அப்போது கேட்டைத் திறந்து, பைக்கைத் தள்ளிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். நீல நிறக் கம்பெனி யூனிபாரம், முதல் ஷிப்ட் முடிந்து வருகிற களைத்த முகம். மாடிப் போர்ஷனில் குடியிருப்பவராக இருக்கும் என்று தானிஷ் நினைத்தான்.

வந்தவர் தானிஷின் கையில் டயாலிசிஸ் ஊசி ஏறி ஏறிப் புடைத்திருந்த நரம்பைப் பார்த்தார். தன் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, அதன் மூடியில் மட்டும் ஊற்றி நீட்டினார்.

“வாய நனைச்சுக்குங்க பாய். தண்ணி அளவாத்தானே குடிக்கணும். உங்களுக்கு எந்தெந்த நாளு? திங்கள், புதன், வெள்ளியா?”

“செவ்வா, வியாழன், சனி.” ஒரு மூடித் தண்ணீரை தானிஷ் நாக்கிலேயே வைத்திருந்து விழுங்கினான்.

“வண்டி புடிச்சுதா?”

“வண்டி நல்லாத்தாங்க இருக்கு. எனக்குத்தான் மனசு வரல.” தானிஷ் வீட்டுக்குள்ளே பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். “பாவம், அந்தக்கா வூட்டுக்காரரு எறந்து ஒரு வருசங்கூட ஆகல போல.”

வந்தவர் ஒரு கணம் விழித்தார். பிறகு பைக்கை ஸ்டாண்ட் போட்டு நிறுத்திவிட்டு, சட்டையை ஓரமாகக் கொஞ்சம் தூக்கினார். அடிவயிற்றின் வலது பக்கம் நீளமாக ஒரு தையல் தழும்பு, நன்றாக ஆறியிருந்தது.

“கிட்னி மாத்தியாச்சுங்க பாய். அந்த வூட்டுக்காரன் நான்தான்.”