பம்பாய் குரூப்

"ரிப்பேர் பண்ற டூல் கையை விரிச்சிடுச்சிக்கா. முப்பத்துநாலு பர்சென்ட் வரைக்கும் போவுது, அப்புறம் நின்னுடுது" என்றான் இருதய அருண். கம்ப்யூட்டர் ரிப்பேருக்காக விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறி வந்தவன். சட்டை இன்னும் முதுகில் ஒட்டியிருந்தது.

அம்பிகா குனிந்து, நின்றுபோன திரையைப் பார்த்தாள். திண்டிவனத்து ரத்ததானக் கழகத்தில் கம்ப்யூட்டர் என்றால் அவள்தான். கொடையாளர்களின் பெயர், ஊர், போன், ரத்த வகை எல்லாவற்றையும் இரண்டு வருடமாக 'டேபிள்' என்கிற ஒரே கம்ப்யூட்டர் பட்டியலில் தட்டி ஏற்றியவள். காலையில் புதுப் பெயர் ஒன்றை ஏற்றும்போது கரண்ட் போனது. கரண்ட் திரும்பி வந்தது, டேபிள் திறக்கவில்லை.

"ஆளு நாலு மணி வரைக்கும் தாங்கும்னாரு டாக்டரு. இப்பவே ரெண்டரை ஆவுது" என்றார் தாண்டவராயன். ஆஸ்பத்திரி வார்டில் வேலை செய்பவர். ரத்தம் கேட்டு டாக்டர் எழுதிய சீட்டோடு வந்து கதவோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"பாண்டிச்சேரியில கேட்டீங்களாண்ணே?" என்றாள் அம்பிகா.

"கேட்டாச்சு, இல்ல. மெட்ராஸ்ல ஒருத்தரு இருக்காராம், வந்து சேர ராத்திரி ஆயிடும். பம்பாய் குரூப்பாமே, அதுக்கு வேற எந்த ரத்தமும் சேராதாம். வண்டியில போன ஆளை லாரிக்காரன் தட்டிட்டுப் போய்க்கினே இருக்கான். கூட யாரும் வரல. ஆளுக்கோ பேச்சு மூச்சு இல்ல, பேரு ஊரு யாரைக் கேக்கறது?"

அந்த வகை தன் லிஸ்டில் ஒன்று இருப்பது அம்பிகாவுக்கு நிச்சயமாகத் தெரியும். 'பம்பாய்' என்று தட்டியபோது, அங்கிருந்து இந்தப் பக்கம் யார் வந்தது என்று நினைத்துக்கொண்டது ஞாபகம் இருந்தது. பெயர்தான் வரவில்லை. படிவங்கள் கட்டுக்கட்டாக வரும். ஏற்றி முடித்ததும் பழைய பேப்பர் கடையில் போட்டதும் அவள்தான்.

"பேக்கப் எதுனா இருக்குதாக்கா?"

ஃப்ளாப்பி டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். சனிக்கிழமை தவறாமல் நகல் எடுத்து வைத்தது. அருண் ஒன்றைப் போட்டுப் பார்த்தான். இன்னொன்றைப் போட்டான். நாலாவதோடு நிறுத்திக்கொண்டான்.

"எல்லாத்துலயும் ஒரே ஒரு கேபிதான் இருக்குது, அதுல அரைப் பக்கம்கூட அடங்காது. ஸ்கிரீன்ல இருக்கற ஐகானை ஃப்ளாப்பிக்கு இழுத்து உட்டீங்களா?"

"ஆமாம்."

"அது வெறும் ஷார்ட்கட்டுக்கா. நீங்க வூட்டைக் காப்பி பண்ணல, வூட்டு அட்ரஸைக் காப்பி பண்ணிக்கினு இருந்திருக்கீங்க."

அவன் குற்றமாகச் சொல்லவில்லை. அதனாலேயே அதிகமாக உறுத்தியது. முன்பின் தெரியாத ஓர் உயிர் தன் அறியாமையில் வந்து மாட்டிக்கொண்டு நிற்பது அவளுக்கு உறைத்தது. 

"டேபிளை ஒரு காப்பி எடுத்து வெச்சிட்டேன். இருக்கறதையும் கெடுத்துடக் கூடாது" என்றான் அருண். "கெட்டது டேபிளோட தலைதான்க்கா. எத்தனை கட்டம், எது எவ்ளோ அகலம், எல்லாம் தலையிலதான் எழுதியிருக்கும். டூலு தலையைப் பாத்துட்டு மேல போவ மாட்டேங்குது. உடம்பு, பேருங்க இருக்கற எடம், நல்லாத்தான் இருக்குது. அதே மாதிரி காலியா ஒரு டேபிள் பண்ணி, அதும் தலையை வெட்டி இதுக்கு வெக்கப் போறேன்."

"புள்ளையாருக்கு வெச்ச மாரியா?" என்றார் தாண்டவராயன்.

"யானைத் தலை வேலைக்காவாதுண்ணே. அளவு பிசகக் கூடாது. பேருக்கு எத்தனை எழுத்துக்கு எடம் உட்டிருந்தீங்கக்கா?"

"இருபத்தஞ்சு."

அந்த அளவில் தலையை வைத்ததும் டேபிள் திறந்தது. ஆனால் முதல் வரியிலேயே துரைக்கண்ணு என்ற கொடையாளரின் பெயரில் பாதி ஊர்க் கட்டத்தில் கிடந்தது. பத்தாவது வரிக்குள் யாருடைய போன் யாருடைய ரத்தம் என்றே தெரியவில்லை.

"முப்பதா இருக்குமோ" என்றாள். 

அருண் மறுபடியும் வெட்டினான், வைத்தான். இந்த முறை ஒவ்வொரு பெயரும் தன் கட்டத்தில் வந்து உட்கார்ந்தது. ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்.

ரத்த வகையை வைத்துத் தேடினாள். ஒரே ஒரு வரி வந்தது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கட்டங்களும் கேள்விக்குறிகளும். ஊரும் அப்படியே.

"இங்கயும் ஒரு அடி பட்டிருக்குது. பேரு போயிடுச்சிக்கா" என்றான் அருண்.

"நம்பர் இருக்குதே. செஞ்சிப் பக்கத்து நம்பர்" என்றாள் அம்பிகா.

"ஜல்தியா போடும்மா" என்றார் தாண்டவராயன்.

மணி மூன்றே கால். நான்கு முறை அடித்த பிறகு ஒரு பெண் எடுத்தாள்.

"திண்டிவனம் ரத்ததானக் கழகத்துலேர்ந்து பேசறேன்மா. உங்க வீட்டுல பம்பாய் குரூப் ரத்தம் யாருக்கு?"

"எங்க வூட்டுக்காரருக்குங்க. நீங்க கூப்ட்டா ஒடனே அனுப்பணும்னு சொல்லி வெச்சிருக்காரு. யாருக்கு இன்னா ஆச்சி?"

"ஒரு உயிர் போகிற அவசரம்மா. அவரை இப்பவே திண்டிவனம் அனுப்ப முடியுமா?"

"நீங்க பேஜாரு படாதீங்க. அவரு அங்கதான் இருக்காரு. நெலத்துல போட மல்லாட்டை வெதை வாங்கியாறேன்னு காலையிலயே அனந்தபுரத்துலேர்ந்து வண்டியில வந்தாரு."

அம்பிகா ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டாள். அன்று முதல் முறையாக அவள் முகம் தெளிந்தது. "ஆள் நம்ம ஊர்லதான் இருக்காராம்."

"அப்பாடா" என்று நாற்காலியில் சாய்ந்தான் அருண்.

"திண்டிவனத்துல எங்கம்மா இருப்பாரு? நாங்களே போய்க் கூட்டிக்கிறோம்" என்றாள் போனில்.

"அதாங்க தெரியல. பகல் சோத்துக்கு வந்துடறேன்னாரு. இன்னும் காணோம். பாத்தீங்கன்னா வூட்டுக்கு ஒரு போன் பண்ணச் சொல்லுங்க."

"சாப்பாட்டுக்கே வந்திருக்கணுமாம், இன்னும் வரலையாம்" என்று மறுபடி ரிசீவரைப் பொத்திக்கொண்டு மற்றவர்களுக்குச் சொன்னாள் அம்பிகா.

தாண்டவராயன் மெல்ல எழுந்து அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"வேற எதுவும் சொல்லாதம்மா" என்றார் தணிந்த குரலில். "இன்னா கலரு சட்டை போட்டுக்கினு போனாருன்னு மட்டும் கேளு."