மூன்றேகாலில் ஒன்றேமுக்கால் போனால்

பஞ்சம்மாள் பணியாரத் தட்டைத் தொடவே இல்லை.

பெண் பார்க்க வந்த வீட்டில் கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். கை நனைக்கும் முன் அவள் பெண்ணிடம் ஒரு கணக்குக் கேட்பாள்.

நாரணாபுரத்தில் கேட்டாள். மல்லாங்கிணற்றில் கேட்டாள். விடை தப்பு என்று இரண்டு இடத்திலும் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டாள்.

இந்தச் சேதி அவளுக்கு முன்பே ஆமத்தூருக்கு வந்து சேர்ந்திருந்தது.

ஆனாலும் பெண்ணின் தகப்பனார் சோலைமலை கவலைப்படவில்லை. மகள் சண்முகத்தாய் வீட்டில் தீப்பெட்டி ஒட்டி, வாராவாரம் சிவகாசிக் கம்பெனிக்குக் கட்டிக்கொண்டு போகிறவள். பன்னிரண்டு டஜன் ஒரு குரோஸ். நயா பைசா வந்த பிறகும் பெட்டிக் கணக்கு கால், அரை, முக்கால் என்றுதான் ஓடியது. அவள் புழங்காத கணக்கா?

இந்த இடம் அமைய வேண்டுமென்று சண்முகத்தாய் விடியற்காலையிலேயே மாரியம்மன் கோயிலுக்குப் போய் வந்திருந்தாள். முன்பு வந்த வரன்களுக்கெல்லாம் அவள் அப்படிப் போனதில்லை.

பஞ்சம்மாள் தொண்டையைச் செருமினாள்.

"ஏத்தா, எங்க வீட்டுலயும் பெட்டி ஒட்டக் குடுத்து வாங்கப் போறோம். கணக்கை மருமகதான் பாக்கணும். மூணேகால் குரோசுலே ஒண்ணேமுக்கால் குரோஸ் கழிவுன்னு போச்சு. மிச்சம் எம்புட்டு?"

மாப்பிள்ளை காளிராஜ் பாயின் கோரையை எண்ணுகிறவன் போலக் குனிந்திருந்தான்.

சோலைமலை மனசுக்குள் போட்டுப் பார்த்தார். காலில் முக்கால் போகாது. மூன்றில் ஒன்றை உடைத்து நாலு காலாக்கி, இருக்கும் காலோடு சேர்த்தால் ஐந்து கால். அதில் மூன்று கால் போனால் அரை. நின்ற இரண்டில் ஒன்று போனால் ஒன்று. ஆக, ஒன்றரை. மகள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள்.

"ரெண்டரை, அத்தை" என்றாள் சண்முகத்தாய்.

சோலைமலைக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"பிள்ளை ஏதோ பதட்டத்துலே..." என்று ஆரம்பித்தார்.

அதற்குள் பஞ்சம்மாள் ஒரு பணியாரத்தை எடுத்துக் கடித்துவிட்டாள்.

"இதாம்ணே கணக்கு. மூணுலே ஒண்ணு போனா ரெண்டு. முக்காலுலே கால் போனா அரை. முந்திப் பாத்த பிள்ளைக ரெண்டும் ஒண்ணரைன்னாளுக. பள்ளிக்கூடம் போயி என்னத்தத்தான் படிச்சாளுகளோ."

சோலைமலை கணக்கில் பொய் சொல்லாத மனிதர். கழிக்க வேண்டிய முக்காலை மேலே ஏற்றி, இருந்த காலை அதிலிருந்து கழித்தால் அது எந்த ஊர்க் கணக்கு? கேட்டுவிட வேண்டியதுதான் என்று வாயைத் திறந்தார்.

"அப்பா, நீங்களும் எடுத்துக்கோங்க."

தட்டு அவர் மூக்குக்குக் கீழே நின்றது. அதைப் பிடித்திருந்த மகளின் முகத்தைப் பார்த்தார். கண்ணில் பதட்டம் இருந்தது. கணக்குத் தெரியாதவளின் பதட்டமாக அது தெரியவில்லை.

ஒரு பணியாரத்தை முழுசாக வாய்க்குள் போட்டுக்கொண்டார். வாய் நிறைய இருக்கும்போது யார்தான் கணக்குப் பேச முடியும்?

அவர் மென்று முடிப்பதற்குள் வெற்றிலை பாக்கு மாற்றியாகிவிட்டது.

விருதுநகர் போகிற பஸ்ஸில் பஞ்சம்மாளுக்கு உற்சாகம் அடங்கவில்லை. மகன் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"ஆமத்தூரையும் ஒரு எட்டு பாத்துருவோம்னு நீ பிடிவாதம் பிடிச்சது நல்லதாப் போச்சுலே. நீ எனக்குச் சொல்லிக்குடுத்த விடையை அட்சரம் பிசகாமச் சொல்லிட்டாளே."

காளிராஜ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சிவகாசிக் கம்பெனியில், சண்முகத்தாய் கொண்டுவரும் பெட்டிகளை எண்ணி வாங்குகிறவன் அவன்தான்.