கைப்பட்டை கழற்றிய காலை

எனக்கு எப்போது பசிக்கிறது, எப்போது கோபம் வருகிறது என்பதையெல்லாம் என் மணிக்கட்டில் கட்டியிருக்கும் மின்னணுக் கைப்பட்டைதான் சொல்லும். இந்த நாற்பது வயதுவரை பசியை நானாக உணர்ந்து சாப்பிட்டதாக நினைவில்லை.

மகள் நறுமுகையின் மழலையர் பள்ளியில் பட்டைக்கு அனுமதி கிடையாது. அங்கே பிள்ளைகள் தங்களையும் பக்கத்தில் இருப்பவரையும் தாங்களே கவனிக்கப் பழகுகிறார்கள். பெற்றோர் நாளன்று என் பட்டையையும் வாசலில் கழற்றி வாங்கிக்கொண்டார்கள்.

பாயில் வட்டமாக உட்கார்ந்தோம். ஆசிரியை ஜெசிந்தா என்னிடம், "இப்ப உங்களுக்கு எப்படி இருக்கு, சார்?" என்றார். நான் வெறும் மணிக்கட்டைப் பார்த்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அலுவலகத்தில் முப்பது பேரை மேய்க்கிற நான் கைகளை மடியில் கோத்துக்கொண்டேன்.

நான்கு வயது நறுமுகை எழுந்து வந்து என் கையைத் தொட்டாள்.

"அப்பாவுக்குப் பயமா இருக்கு, மிஸ். கை சில்லுன்னு இருக்கு."

"அதெல்லாம் இல்லம்மா."

"பயமா இருந்தா சொல்லலாம்ப்பா. இங்க யாரும் திட்ட மாட்டாங்க."

"ஆமா, கொஞ்சம் பயமாத்தான் இருக்கு" என்றேன். அவள் என் மடியில் உட்கார்ந்து, என் இரண்டு கைகளையும் தன் கைகளுக்குள் வைத்துத் தேய்க்கத் தொடங்கினாள்.

எதிரே, சீருடையிலேயே வந்திருந்த போலீஸ் இன்ஸ்பெக்டர் தன் மகனிடம் மெல்லக் கையை நீட்டினார்.

"எனக்கும் பாத்துச் சொல்லுடா."